வரைபடத்தில் காற்றைக் காணோம்

2005 மே 16 அன்று பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சி தன் வானிலை அறிக்கையின் தோற்றத்தை அடியோடு மாற்றியது. முப்பது ஆண்டுகளாக மக்கள் பார்த்துப் பழகிய மேகச் சின்னம், மழைத்துளிச் சின்னம், சூரியச் சின்னம் எல்லாம் ஒரே நாளில் போயின. நியூசிலாந்து வானிலைத் துறையின் துணை நிறுவனம் உருவாக்கிய முப்பரிமாண மென்பொருள் அவற்றின் இடத்தைப் பிடித்தது. உயரத்தில் பறந்தபடி பார்ப்பதுபோல் சாய்ந்த வரைபடம். அதன்மேல் மேக நிழல் ஊரும். பெய்யும் மழை மழையாகவே தெரியும். எந்தச் சின்னத்தையும் யாரும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டாம், பார்த்தால் போதும், புரிந்துவிடும் என்பது இந்த மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம்.

ஆயிரக்கணக்கில் புகார்கள் குவிந்தன. நிலம் பச்சையாக இல்லாமல் ஏன் இப்படிக் காய்ந்த பழுப்பில் கிடக்கிறது என்று சிலர் கேட்டார்கள். தெற்கிலிருந்து பார்க்கும் கோணம் என்பதால் லண்டன் பக்கம் பருத்தும் ஸ்காட்லாந்து சிறுத்தும் தெரிந்தன. அது அரசியல் விவகாரமாகி, பிபிசி சாய்வைக் குறைக்க வேண்டியதாயிற்று. பத்திரிகைகள் இந்த இரண்டையும்தான் பெரிதாக எழுதின. கேலிக்கு வசதியான சங்கதிகள். எனக்கு முக்கியமாகப் படுவது அவ்வளவாகப் பேசப்படாத மூன்றாவது புகார். வரைபடத்தில் காற்றைக் காணோம் என்பதுதான் அது.

பழைய வரைபடங்களில் சம அழுத்தக் கோடுகள் இருந்தன. ஒரே காற்றழுத்தம் உள்ள இடங்களை இணைத்து வரையும் வளைகோடுகள் அவை. கோடுகள் நெருங்கி இருந்தால் அங்கே காற்று பலமாக வீசும்; விலகி இருந்தால் காற்று மந்தம். அட்லாண்டிக் கடலிலிருந்து ஒரு தாழ்வுப் பகுதி நகர்ந்து வருவதைக் கோடுகளின் வடிவத்தைப் பார்த்தே ஓரளவு ஊகித்துவிடலாம். பள்ளிப் புவியியல் பாடத்தில் ஒருமுறை படித்தவருக்கு வாழ்நாள் முழுவதும் உதவும் அறிவு இது. பாய்மரப் படகு வைத்திருப்பவர், மலையேறுபவர், மருந்து தெளிக்கக் காற்று அடங்கும் நாளைத் தேடும் விவசாயி என்று இதை நம்பியிருந்தவர்கள் பலவகை. அறிவிப்பாளர் நாளை மழை என்று சொல்வதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். கூடவே, அந்த மழை ஆறு மணி நேரம் முன்னதாக வந்துவிடுமா, தன் ஊரைத் தாண்டிப் போய்விடுமா என்பதைக் கோடுகளை வைத்துத் தாங்களே ஒரு கணக்குப் போட்டுக்கொள்வார்கள். புதிய படத்தில் அந்தக் கணக்குக்கு வழி இல்லை. அறிக்கையின் முடிவு மட்டும் இருந்தது, அதற்கான ஆதாரம் திரையிலிருந்து இறக்கப்பட்டிருந்தது.

இந்தப் புகாரை, மாற்றத்தை வெறுக்கும் வயதானவர்களின் முணுமுணுப்பு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் பிபிசி வானிலையின் வரலாற்றையே பார்த்தால் அந்த விளக்கம் நிற்காது. 1954 ஜனவரி 11 அன்று ஜார்ஜ் கௌலிங் என்ற வானிலையாளர் முதன்முதலாகக் கேமராவின் முன் நின்று அறிக்கை சொன்னார். அதுவரை வரைபடம் மட்டும் திரையில் தெரியும். குரல் மறைவிலிருந்து வரும். கௌலிங் பின்னால் தொங்கிய வரைபடத்தில் கரிக்கோலால் குறித்துக்காட்டி, மறுநாள் காற்று வீசும் என்பதால் துணி காயப்போட ஏற்ற நாள் என்றும் சொன்னார். அவருக்குப் பின்னால் இருந்தது தொழிலில் இருப்பவர்கள் பார்க்கும் அதே வகை வரைபடம். இல்லத்தரசிக்குப் புரியும் ஒரு வாக்கியமும் நிபுணரின் கோடுகளும் ஒரே திரையில் இருந்தன. ஒன்று மற்றதைத் துரத்தவில்லை.

1975இல் சின்னங்கள் வந்தன. நாரிச் கலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மார்க் ஆலன் என்ற மாணவர் வடிவமைத்தவை. கறுப்பு மேகம், வெள்ளை மேகம், அதன் கீழே சொட்டு என்று எவ்வளவு எளிமையாக்க முடியுமோ அவ்வளவு எளிமை. காந்தத் தகடுகளாகச் செய்து பலகையில் ஒட்டினார்கள். நேரலையில் அவை கழன்று விழுவது தேசிய நகைச்சுவையாயிற்று. 1985இல் கணினி வரைகலை வந்தபோதும் சின்னங்கள் அப்படியே தொடர்ந்தன. இந்த எளிமையை மக்கள் எதிர்க்கவில்லை, காலப்போக்கில் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். சின்னங்கள் வந்தபோது கோடுகள் போகவில்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன். எளிமை கூடுதலாகச் சேர்ந்தது, அதற்காக எதுவும் பறிக்கப்படவில்லை.

இன்னொரு சான்று வானொலியில் இருக்கிறது. பிபிசி வானொலி 4இல் ஒலிபரப்பாகும் கப்பல்களுக்கான வானிலை அறிக்கையைவிடக் கடினமான ஒரு பொது ஒலிபரப்பைக் கற்பனை செய்வது சிரமம். பிரிட்டனைச் சூழ்ந்த கடலை 31 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காற்றின் திசை, போஃபோர்ட் அளவில் அதன் வேகம், மழை, பார்வைத் தெளிவு ஆகியவற்றைச் சுமார் 350 சொற்களுக்குள் வாசித்து முடிக்க வேண்டும். எந்தச் சொல்லும் சும்மா வருவதில்லை. பெருங்காற்று எச்சரிக்கையில் ‘உடனடியாக’ என்றால் ஆறு மணி நேரத்துக்குள். ‘விரைவில்’ என்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள். ‘பின்னர்’ என்றால் அதற்கும் அப்பால். விளக்கம் கிடையாது, படம் கிடையாது, அறிவிப்பாளரின் புன்னகை கிடையாது. இருந்தும் கடல் பக்கமே போகாதவர்கள் பல லட்சம் பேர் இதைக் கேட்கிறார்கள்; இதில் கை வைக்கும் பேச்சு எழுந்தபோதெல்லாம் எதிர்ப்பு கிளம்பியிருக்கிறது. நேயர்களுக்குச் சிக்கலானது பிடிக்காது என்ற ஊடக நம்பிக்கை இங்கே வந்து முட்டிக்கொள்கிறது.

அந்த 31 கடல் பகுதிகளில் ஒன்றின் பெயர் ஃபிட்ஸ்ராய். 2002இல் வைக்கப்பட்ட பெயர். டார்வினை ஏற்றிச்சென்ற பீகிள் கப்பலின் தலைவராக இருந்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய்தான் பிரிட்டனின் வானிலைத் துறைக்கு முதல் தலைவர். 1859இல் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் புயலில் உடைந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தபின், 1861 பிப்ரவரியில் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் ‘தி டைம்ஸ்’ நாளிதழில் பொதுமக்களுக்கான முன்னறிவிப்பு வெளிவந்தது. தவறியபோதெல்லாம் பத்திரிகைகள் கேலி செய்தன. விஞ்ஞானிகள் சிலருக்கோ இது அறிவியலின் மதிப்பைக் கெடுக்கும் காரியமாகத் தோன்றியது. 1865இல் ஃபிட்ஸ்ராய் தற்கொலை செய்துகொண்டார். விஞ்ஞானி ஃபிரான்சிஸ் கால்டன் இடம்பெற்ற குழு இந்தப் பணியை ஆராய்ந்து அறிக்கை தந்தது. 1866இல் எச்சரிக்கைகளும் முன்னறிவிப்புகளும் நிறுத்தப்பட்டன.

நிறுத்தச் சொன்னவர்கள் அறிஞர்கள். திரும்பக் கேட்டவர்கள் யார் என்பது கவனிக்க வேண்டியது. துறைமுகங்களிலிருந்து எழுந்த கோரிக்கையால் 1867இல் புயல் எச்சரிக்கை மீண்டும் வந்தது. பொது முன்னறிவிப்பு 1879 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கணிப்பு பலமுறை பொய்த்ததை நேரில் கண்டவர்கள் கடலோர மக்கள். அவர்களுக்குத் தவறக்கூடிய தகவலை எப்படிக் கையாள்வது என்று தெரிந்திருந்தது. பிழையோடு கூடிய அறிவை மக்கள் தாங்க மாட்டார்கள் என்ற பயம் அன்றும் மேலிருந்துதான் வந்தது, இன்றும் அப்படியே.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1987 அக்டோபர் 15 மதிய அறிக்கையில் மைக்கேல் ஃபிஷ் என்ற வானிலையாளர், சூறாவளி வருகிறதாமே என்று ஒரு பெண் தொலைபேசியில் கேட்டதாகவும், கவலைப்பட வேண்டாம், அப்படி எதுவும் இல்லை என்றும் சிரித்தபடி சொன்னார். அன்றிரவு தென்கிழக்கு இங்கிலாந்தைத் தாக்கிய புயலில் பிரிட்டனில் 18 பேர் இறந்தார்கள். ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன என்பது மதிப்பீடு. தான் குறிப்பிட்டது அட்லாண்டிக்கின் மறுகரையில் இருந்த வேறொரு சூறாவளியை என்று ஃபிஷ் பிற்பாடு விளக்கினார். பலத்த காற்று வீசும் என்று அதே அறிக்கையில் அவர் சொன்னதும் பதிவில் இருக்கிறது. யாருக்கும் அது நினைவில் இல்லை. நினைவில் நின்றது அந்த ஆறுதல் வாக்கியம் மட்டும். நிபுணர் தயங்கிச் சொல்லியிருக்க வேண்டியதை ஆம், இல்லை என்ற வடிவத்துக்குக் குறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. ஒலிபரப்பாளர்கள் படித்த பாடமோ வேறு: மாட்டிக்கொள்ளாத மாதிரிப் பேச வேண்டும்.

இத்தனைக்கும் கணிப்பு அறிவியல் அதற்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. தொடக்க நிலையில் ஏற்படும் மிகச் சிறிய வேறுபாடு சில நாட்களில் முற்றிலும் வேறான வானிலையில் கொண்டுபோய் விடும் என்பதை 1963இல் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் காட்டினார். அதிலிருந்து பிறந்தது குழுக் கணிப்பு முறை. இன்றைய நிலையைச் சற்றுச் சற்று மாற்றி மாற்றி ஒரே கணினி மாதிரியைப் பலமுறை ஓட்டுவார்கள். நடுத்தர கால முன்னறிவிப்புக்கான ஐரோப்பிய மையம் 1992 முதல் இதை நடைமுறையில் செய்துவருகிறது. இப்போது 51 ஓட்டங்கள். ஐம்பத்தொன்றில் நாற்பத்தைந்து மழை என்றால் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். இருபத்தைந்து மழை என்றும் இருபத்தாறு வெயில் என்றும் வந்தால், அந்தப் பிளவுதான் அன்றைக்கு வானிலையாளர் கையில் இருக்கும் முதன்மையான செய்தி. அலுவலக மேசையில் இருக்கும் இந்தச் செய்தி திரைக்கு வரும்போது ஒரு மேகப் படமாகச் சுருங்கிவிடுகிறது. நிச்சயமான மேகமும் அரைகுறை மேகமும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கின்றன.

நிச்சயமின்மையைச் சொன்னால் மக்கள் குழம்புவார்கள் என்ற வாதத்தை ஆய்வுகள் பெரிதும் தளர்த்திவிட்டன. ரெபெக்கா மோர்ஸும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்கப் பொதுமக்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், நாளை இத்தனை பாகை வெப்பம் என்று ஒற்றை எண்ணைக் கொடுத்துக் கேட்டபோது, அது அப்படியே நடக்கும் என்று நம்பியவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் தாங்களாகவே மேலும் கீழும் ஓர் இடைவெளியை வைத்துக்கொண்டார்கள். ஐயத்தைச் சேர்த்துச் சொல்லும் அறிக்கையைப் பலரும் விரும்பவும் செய்தார்கள். ஐயத்தை மறைத்தால் பார்வையாளர் மனத்தில் ஐயம் போய்விடுவதில்லை. எவ்வளவு ஐயப்பட வேண்டும் என்ற அளவு மட்டும் போய்விடுகிறது. நிகழ்தகவு தரப்பட்டவர்கள் தராதவர்களைவிட நல்ல முடிவு எடுத்தார்கள் என்று உளவியலாளர் சூசன் ஜோஸ்லினின் சோதனைகளும் காட்டின.

எதிர்ச்சான்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் மழை வாய்ப்பைச் சதவீதமாகச் சொல்வது 1960களின் நடுவிலேயே தொடங்கிவிட்டது. நாளை மழைக்கு 30 சதவீத வாய்ப்பு என்றால் என்ன என்று உளவியலாளர் கெர்ட் கிகெரன்சர் குழுவினர் ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலான், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் கேட்டு, 2005இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இதே நிலைமையுள்ள பத்து நாட்களில் மூன்று நாள் மழை பெய்யும் என்ற சரியான பொருளைப் பெரும்பான்மையோர் சொன்னது நியூயார்க்கில் மட்டும். ஐரோப்பிய நகரங்களில் நாளின் 30 சதவீத நேரம் மழை, ஊரின் 30 சதவீதப் பரப்பில் மழை என்றெல்லாம் புரிந்துகொண்டிருந்தார்கள். ஆகவே எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒதுங்குவதும் ஒருவகைப் பொறுப்பின்மைதான். எதன் சதவீதம் என்று சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லிப் பழக்க வேண்டும். நியூயார்க்வாசிகளின் புத்திசாலித்தனத்தை இது காட்டவில்லை. அவர்களுக்குப் பல பத்தாண்டுப் பழக்கம் இருந்தது, மற்றவர்களுக்கு இல்லை.

படமும் ஏமாற்றக்கூடும். அமெரிக்கச் சூறாவளி மையம் புயல் போகக்கூடிய பரப்பை விரிந்துகொண்டே போகும் கூம்பாகக் காட்டும். 2004 ஆகஸ்டில் சார்லி சூறாவளி வந்தபோது கூம்பின் நடுக்கோடு ஃபுளோரிடாவின் டாம்பா நகரை நோக்கி இருந்தது. பலர் கோட்டைப் பார்த்தார்கள், கூம்பைப் பார்க்கவில்லை. புயல் வலப்புறம் திரும்பிச் சார்லட் துறைமுகப் பகுதியைத் தாக்கியது. அந்தப் பகுதி கூம்புக்குள்ளேதான் இருந்தது.

பார்வையாளரையும் முழுக்க நிரபராதி என்று விட்டுவிட முடியாது. புள்ளியியலாளர் நேட் சில்வர் 2012இல் எழுதிய நூலில், அமெரிக்காவின் ‘வெதர் சேனல்’ மழைக்கு 20 சதவீத வாய்ப்பு என்று சொன்ன நாட்களில் சுமார் 5 சதவீத நாட்களில்தான் மழை பெய்தது என்ற கணக்கைத் தருகிறார். காரணம் எளிது: மழை இல்லை என்று சொல்லிப் பெய்துவிட்டால் திட்டு விழும், பெய்யும் என்று சொல்லிப் பெய்யாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் இந்தக் கடைசி வாக்கியம் அப்படியே பொருந்தாது. இங்கே பெய்யாவிட்டாலும் திட்டு விழும். 2024 அக்டோபரில் வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி உருவானபோது சென்னைக்கும் சுற்றியுள்ள மாவட்டங்களுக்கும் 16ஆம் தேதிக்குச் சிவப்பு எச்சரிக்கை விடப்பட்டது. 2015, 2023 வெள்ளங்களை மறக்காத வேளச்சேரிவாசிகள் முந்தின நாட்களிலேயே மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தினார்கள். 15ஆம் தேதி நன்றாகப் பெய்தது. சிவப்பு எச்சரிக்கைக்குரிய 16ஆம் தேதி சொல்லும்படி ஒன்றும் இல்லை. தாழ்வு மண்டலம் சற்று வடக்கே ஒதுங்கி, 17ஆம் தேதி அதிகாலை சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்தது. அந்த நாட்களில், சென்னை வானிலை மையத்தின் முன்னாள் இயக்குநர் ரமணன் காலத்து ரெயின் லீவு ஜோக்குகள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு சுற்றின. 2021 டிசம்பர் 30 அன்று நடந்தது இதற்கு நேர் எதிர். பெரிய எச்சரிக்கை எதுவும் இல்லாத நாளில் பிற்பகல் தொடங்கிச் சில மணி நேரத்தில் நகரம் மூழ்கியது.

இரண்டும் அறிவியலின் எல்லைகள். அதில் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. என் குறை வேறு. சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்திலிருந்து வரும் அறிக்கையின் சொற்களுக்கு அளவு இருக்கிறது. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை. ‘ஒருசில இடங்களில்’ என்றால் கால் பங்குக்கு மேல் பாதி வரை. ‘அநேக இடங்களில்’ என்றால் பாதிக்கு மேல் முக்கால் வரை. ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் அதற்கும் மேல். கனமழை என்பது 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர், மிக கனமழை 204.4 வரை, அதி கனமழை அதைத் தாண்டியது. கப்பல் அறிக்கையைப் போலவே கட்டிறுக்கமான மொழி. இந்த அளவுகளைச் சொல்லாமல் சொற்களை மட்டும் முப்பது ஆண்டுகளாகத் திரையில் வாசித்ததால், ‘ஓரிரு இடங்களில்’ என்பது தப்பித்துக்கொள்ளும் பேச்சாக மக்கள் காதில் விழுந்துவிட்டது. எங்கே பெய்தாலும் அந்த ஓரிரு இடம் அதுதான் என்று சொல்லிக்கொள்ளலாமே என்ற கிண்டலில் நியாயம் இருப்பதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

ஒரே ஊருக்குள் மழை எவ்வளவு வேறுபடும் என்பதைத் தெரிந்துகொண்டால் அந்தச் சொல்லின் தேவை விளங்கும். 2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது, நுங்கம்பாக்கத்தில் 29. இரண்டுக்கும் இடையே மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தொலைவு.

நிறங்களும் இதே கதைதான். சிவப்பு என்றால் பேய்மழை உறுதி என்று செய்திச் சேனல்கள் பழக்கிவிட்டன. இந்திய வானிலைத் துறையின் வகைப்பாட்டில் நிறம் குறிப்பது செய்ய வேண்டிய செயலை: மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. பிரிட்டனில் 2011 முதல் எச்சரிக்கை நிறத்தை இரண்டு அச்சுகள் கொண்ட கட்டத்தில் வைத்து முடிவு செய்கிறார்கள். எவ்வளவு நடக்க வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு சேதம். நடக்க வாய்ப்புக் குறைவு, நடந்தாலோ பெருஞ்சேதம் என்பதும் மஞ்சள்தான். கட்டாயம் நடக்கும், ஆனால் சேதம் சிறிது என்பதும் மஞ்சள்தான். கட்டத்தைக் காட்டாமல் மஞ்சளை மட்டும் காட்டினால் எதற்காக மஞ்சள் என்று யாருக்குத் தெரியும்?

தமிழ்நாடு வெதர்மேன் என்று அறியப்படும் பிரதீப் ஜானின் பக்கத்தை லட்சக்கணக்கானோர் தேடிப் போனதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். அவர் அரசு வானிலையாளர் அல்லர். அவர் கணிப்பும் தவறியிருக்கிறது. ஆனால் ரேடார் படத்தைப் போட்டு, இந்தச் சிவப்புத் திட்டு இந்தத் திசையில் நகர்கிறது, இன்ன பகுதிக்கு இன்னும் ஒரு மணி நேரத்தில் வரலாம், கடலிலேயே கரைந்தும் போகலாம் என்று எழுதுவார். மாதிரிகள் ஒன்றுக்கொன்று முரண்படும்போது முரண்படுகின்றன என்றே சொல்வார். தொலைக்காட்சி எளிமையாக்குவதாக நினைத்துத் தூக்கி எறிந்த பொருளை அவரும் அவரைப் போன்ற ஆர்வலர்களும் பொறுக்கி எடுத்துக் கொடுத்தார்கள். 850 மில்லிபார் காற்று, மேடன் ஜூலியன் அலைவு என்றெல்லாம் பேசும் பின்னூட்டக்காரர்கள் மயிலாடுதுறையிலும் ஆவடியிலும் உருவானார்கள். பாமரருக்குப் புரியாது என்று யார் சொன்னது?

பிபிசிக்கு ஒரு சாக்கு இருந்தது: கையில் இரண்டு நிமிடம்தான். தமிழ்ச் செய்திச் சேனல்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை. புயல் சின்னம் உருவானால் போதும், நாள் முழுவதும் நேரலை. மிரட்ட வருகிறது, புரட்டிப் போடப் போகிறது என்ற பட்டைகள் ஓட, முட்டளவு நீரில் செய்தியாளர் நிற்க, இணையத்தில் கிடைக்கும் சுழல்காற்றுப் படம் ஒன்று பின்னணியில் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அத்தனை மணி நேரத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, நேற்று எந்த மாவட்டத்துக்கு என்ன சொல்லப்பட்டது, இன்று காலை 8.30 வரை அங்கே எத்தனை சென்டிமீட்டர் பதிவானது என்று இரண்டு பத்திகளாகத் திரையில் போடும் வழக்கத்தை நான் பார்த்ததில்லை. முதல் பத்திக்கான அறிக்கை முந்தின நாளே வெளியாகிவிடுகிறது. இரண்டாவது பத்திக்கான மழையளவுப் பட்டியலை மண்டல வானிலை ஆய்வு மையம் நாள்தோறும் காலையில் தருகிறது, ஊர் வாரியாக.